செட்டில்மென்ட் கடிதம் கையில் இருந்தும் கடன் ஏன் கிடைக்கவில்லை?

கேள்வி: ஐயா, குடியாத்தத்தில் நான்கு தறிகள் வைத்துக் கைலி நெய்விக்கிறேன். 2020 ஊரடங்கில் நூலும் வரவில்லை, நெய்த சரக்கும் போகவில்லை. தனியார் வங்கி ஒன்றில் வாங்கிய தனிநபர் கடனுக்கு ஏழெட்டு மாதம் தவணை கட்ட முடியாமல் போயிற்று. 2022இல் வங்கியே கூப்பிட்டுப் பேசி, 1,40,000 ரூபாய் பாக்கியை 65,000 ரூபாயில் முடித்துக்கொண்டு கடிதமும் கொடுத்தது. இப்போது தொழில் ஓரளவு சீராகி, வீட்டின்மேல் மாடி எடுக்கக் கடன் கேட்டால், சிபில் (கடன் நாணய மதிப்பெண்) 618தான் இருக்கிறது என்று ஒரே மாதத்தில் மூன்று வங்கிகள் திருப்பி அனுப்பிவிட்டன. 15,000 ரூபாய் கொடுத்தால் பழைய பதிவை அழித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் கடன் விவரத்தை எழுதி அனுப்புவது கடன் கொடுத்த வங்கி; அதை வாங்கி வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்குக் காட்டுவது மட்டுமே கடன் தகவல் நிறுவனங்களின் வேலை. வங்கி உறுதி செய்யாமல் ஒரு வரியைக்கூட அவர்கள் மாற்றமாட்டார்கள் என்னும்போது, வெளியில் இருக்கும் தரகர் எதை அழிப்பார்? அதிகம் போனால், நீங்களே செலவில்லாமல் கொடுக்கக்கூடிய ஒரு புகாரை உங்கள் பெயரில் கொடுப்பார். பதிவு உண்மையானது என்று வங்கி பதில் சொன்னதும் அது அங்கேயே நிற்கும். உங்கள் பான் எண்ணும் ஆதார் நகலும் கைபேசிக்கு வந்த ஓடிபியும் மட்டும் அவரிடம் தங்கிவிடும்.

நான் வேலூர் நகரக் கிளை ஒன்றில் கடன் பிரிவில் இருந்தபோது, ஒருவர் தம்முடைய செட்டில்மென்ட் கடிதத்தை லேமினேட் செய்து, துணிப்பையில் பத்திரமாக வைத்து எடுத்து வந்தார். “இதுதான் சார் என் விடுதலைப் பத்திரம்” என்றார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, அவருக்குக் கடன் இல்லை என்று சொல்லவேண்டிய நிலை எனக்கு. செட்டில்மென்ட் என்றால், வரவேண்டிய பணம் முழுவதும் வரவில்லை, கிடைத்தவரை போதும் என்று வங்கி விட்டுக்கொடுத்தது என்று பொருள். அந்த வங்கி இனி உங்களைக் கேட்காது; ஆனால் உங்கள் கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு ‘செட்டில்ட்’ என்று நிற்கும், முழுதும் கட்டியவருக்கு இருப்பதுபோல் ‘க்ளோஸ்ட்’ என்று இராது. அடுத்த வங்கியின் அதிகாரி மதிப்பெண்ணைப் பார்க்கும் முன்பே அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிடுகிறார்.

ஆகவே 618 என்ற எண்ணை விட்டுவிட்டு, முதலில் அறிக்கையை வரிவரியாகப் படியுங்கள். ஜெராக்ஸ் என்பது நகலுக்கே பெயரானதைப்போல சிபில் என்பது மதிப்பெண்ணுக்கே பெயராகிவிட்டது. உண்மையில் அது நான்கு கடன் தகவல் நிறுவனங்களில் ஒன்று. எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிப் ஹைமார்க் ஆகியவை மற்ற மூன்று. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நமக்கு நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையும் என்று நம் பக்கத்தில் பலர் பயப்படுகிறார்கள், குறையாது. கடன் கேட்டு மனுப்போட்டு, அதற்காக வங்கி பார்க்கும்போதுதான் பதிவாகிறது. ஒரே மாதத்தில் மூன்று இடங்களில் கேட்டது அந்த வகையில் உங்களுக்குக் கேடு செய்திருக்கும். இனி சில மாதங்களுக்கு எங்கும் மனுப்போடாதீர்கள்.

அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சிறு கட்டங்கள் இருக்கும். அவற்றுள் 000 என்றிருந்தால் அந்த மாதம் பாக்கி இல்லை. 030, 060 என்றிருந்தால் அத்தனை நாள் தவணை தாமதம். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் வரிசைக்குப் போய்விடும். சிபில் அறிக்கையில் ஒரு கணக்கின் 36 மாதக் கட்டங்கள்வரை தெரியும். நடந்துபோன அந்தத் தாமதங்களை யாராலும் திருத்த முடியாது. ஆனால் ‘செட்டில்ட்’ என்பதைப் பெரும்பாலும் மாற்ற முடியும்.

அதற்கு வழி, விட்டுக்கொடுத்த மீதியைக் கட்ட முன்வருவதுதான். உங்கள் கணக்கில் அது 75,000 ரூபாய். உடனே பணத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடிவிடாதீர்கள். மீதியைக் கட்டினால் கணக்கை ‘க்ளோஸ்ட்’ என்று மாற்றி அனுப்புவீர்களா, மேற்கொண்டு வட்டி கேட்பீர்களா என்று முதலில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டதாக வங்கி சொன்னால், பேச்சு அந்த நிறுவனத்தோடுதான். பணம் கடன் கணக்குக்கு நேராகப் போகவேண்டும், வசூலுக்கு வருபவர் கையில் கொடுக்கக்கூடாது. கட்டியபிறகு நிலுவையின்மைச் சான்று வாங்குங்கள். 75,000 என்பது நான்கு தறிக்காரருக்குச் சிறிய தொகையில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுக்கடன் கேட்கப்போகிறவர், மாடிக்கென்று சேர்த்ததில் முதல் செலவாக இதைச் செய்வதே நல்லது என்பது என் கருத்து.

பழைய கணக்கு சரியாகும் வேளையில் புதிதாக நல்ல பதிவும் ஏறவேண்டும். 20,000 அல்லது 25,000 ரூபாயை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு, அதன் ஈட்டின்பேரில் ஒரு கிரெடிட் கார்டு கேளுங்கள். ஈடு இருப்பதால் குறைந்த மதிப்பெண்ணுக்கும் பெரும்பாலும் கொடுப்பார்கள். மின்கட்டணம், செல்போன் கட்டணம்போலத் தெரிந்த செலவுக்கு மட்டும், வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் பயன்படுத்தி, கெடு நாளுக்கு முன் முழுத்தொகையையும் கட்டிவிடுங்கள். ‘மினிமம் டியூ’ என்று அச்சிட்டிருக்கும் சிறு தொகையைக் கட்டினால் தாமதப் பதிவு ஏறாதே தவிர, மீதிக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வங்கியில் வைக்கும் நகைக்கடனும் அறிக்கையில் ஏறுகிறது என்பதால், ஆடி மாதத்து நெருக்கடிக்கு வைத்த வளையலைக் கெடுவுக்குள் மீட்பதும் உங்கள் கணக்கில் சேரும். மண்டித் தெருவில் கைமாற்றாக வாங்கி எவ்வளவு நாணயமாகத் திருப்பினாலும் அது எங்கும் ஏறாது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு இப்படிப் போனபிறகு வீட்டுக்கடனுக்கு மனுப்போடுங்கள்.

கேள்வி: என் மைத்துனர் வாங்கிய வாகனக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் தவணை தவறியதற்கு என் மதிப்பெண் ஏன் குறைய வேண்டும்? – சத்துவாச்சாரி வாசகர்

பதில்: 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்பும் ஒன்றே. அதனால் அந்தக் கடன் உங்கள் அறிக்கையிலும் நிற்கிறது. உறவில் கசப்பு வருமே என்று தயங்காமல் உட்கார்ந்து பேசி, அவரால் கட்ட முடியாதென்றால் நிலுவையை நீங்களே கட்டி நிறுத்துங்கள். முறைப்படி கட்டிய பணத்தை அவரிடம் திரும்பக் கேட்க அதே சட்டத்தின் 145ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. ரசீதுகளை உங்கள் பெயரிலேயே வாங்கி வையுங்கள்.

கேள்வி: நான் வாங்கவே இல்லாத ஒரு கடன் என் அறிக்கையில் இருக்கிறது. வங்கிக்கு இரண்டு முறை நடந்தும் பதில் இல்லை. – மேல்விஷாரம் வாசகி

பதில்: வாயால் சொன்னது புகாராகாது, அம்மா. அறிக்கை கொடுத்த நிறுவனத்தின் இணையதளத்தில் அந்தக் கணக்கைக் குறிப்பிட்டு மறுப்பைப் பதிவு செய்யுங்கள். வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போவதால் வேறொருவர் கடன் ஏறிவிடுவதுண்டு. உங்கள் பெயரில் யாரேனும் மோசடியாக வாங்கியிருந்தால் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கவேண்டும். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதி. அப்போதும் அசையவில்லை என்றால், முத்திரையிட்ட அந்த நகலை இணைத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.