இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக அப்ரெண்டிஸ் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கலாமா?

தமிழ்நாட்டில் பட்டம் பெற்று, இப்போது இங்கிலாந்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சிங் அசிஸ்டெண்டாகப் பணிபுரியும் நீங்கள், கட்டணம் செலுத்தி பிஜிசிஇ எனும் பட்டதாரிகளுக்கான ஆசிரியர் பயிற்சி படிப்பதா, சம்பளத்துடன் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே அப்ரெண்டிஸாகப் பயில்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது வழியில் ஆசிரியரானவள் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களுக்குக் கற்றுக்கொடுக்க உண்மையிலேயே நேரம் ஒதுக்கும் பள்ளி கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்காவிட்டால், சம்பளம் வருகிறது என்பதற்காக மட்டும் அதில் இறங்க வேண்டாம்.

பட்டதாரிகளுக்கான இப்பயிற்சி 2018இல் தொடங்கியது. இதில் பள்ளியே உங்களைப் பணியில் அமர்த்தி, பொதுவாகத் தகுதிபெறாத ஆசிரியருக்குரிய ஊதிய அளவில் சம்பளம் தரும். ஆண்டுக்கு 9,000 பவுண்டைத் தாண்டும் பிஜிசிஇ கட்டணம் போன்ற எதையும் நீங்கள் செலுத்த வேண்டியதில்லை. பட்டம் இல்லாதவர்களுக்கெனத் தனியே ஒரு பட்ட அப்ரெண்டிஸ் திட்டமும் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அது உங்களுக்குத் தேவைப்படாது. ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலும் ஜிசிஎஸ்இ (இங்கு பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) நான்காம் தரத்துக்கு இணையான தகுதி வேண்டும். நம் ஊர்ச் சான்றிதழ்களை வெளிநாட்டுத் தகுதிகளை மதிப்பிடும் யூகே எனிக் அமைப்பின் மூலம் ஒப்பீடு செய்து பெற்றுக்கொள்ளுங்கள். அது போதாதென்று பயிற்சி நிறுவனம் கருதினால், இணைத் தகுதித் தேர்வு எழுத வேண்டியிருக்கலாம். விசாவையும் முன்கூட்டியே கவனியுங்கள். பயிற்சிச் செலவுக்கான அப்ரெண்டிஸ் நிதியைப் பெற, வேலை செய்யும் உரிமையோடு, பெரும்பாலும் பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் இங்கு வசித்திருக்கவும் வேண்டும்.

இந்த வழியின் உண்மையான பலன், செப்டம்பரில் தொடங்கி ஆண்டின் பெரும்பகுதியை ஒரே வகுப்போடு கழிப்பதில் இருக்கிறது. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், ஒன்றாம் இடத்தில் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்து 35 என்று எழுதும் குழந்தைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அது கவனக்குறைவு அன்று, இடமதிப்பு இன்னும் மனத்தில் படியாததன் அடையாளம் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் பாடம் முடிந்தவுடன் வழிகாட்டி ஆசிரியரோடு அந்த நோட்டுகளைப் பார்த்து, யாருக்குப் பத்துகளையும் ஒன்றுகளையும் கையில் கொடுத்து மீண்டும் தொடங்க வேண்டும் என்று முடிவுசெய்து, மறுநாள் காலையிலேயே அதைச் செய்து பார்க்கும்போதுதான் அந்த அறிவு உங்களுடையதாகிறது. எழுத்துகளின் ஒலிகளைச் சேர்த்து வாசிக்கக் கற்பிக்கும் ஃபோனிக்ஸும் அப்படித்தான். இயர் ஒன் (ஐந்து, ஆறு வயது) குழந்தைகளுக்கு ஜூன் மாதத்தில் நடக்கும் ஃபோனிக்ஸ் சோதனைக்கு முன்னால், இலையுதிர் பருவத்தில் ஒலிகளைச் சேர்க்கத் திணறிய ஒரு குழந்தை, அறியாத சொல்லைத் தானாகக் கூட்டி வாசிக்கும் நிலைக்கு வருவதை இடைவெளியின்றிப் பார்ப்பவர், கற்பித்தலின் வேகத்தைப் பற்றித் தவறான எதிர்பார்ப்புகளை வைத்துக்கொள்ள மாட்டார்.

இதே நெருக்கத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஆசிரியர் விடுப்பு எடுக்கும் நாட்களில், சம்பளம் வாங்கும் நீங்கள்தான் முதலில் பள்ளியின் கண்ணில் படுவீர்கள். படிப்புக்கென விதியால் ஒதுக்கப்பட்ட நேரம் சத்தமில்லாமல் மாற்று வகுப்புகளுக்குள் கரைந்துவிடும். ஆகவே நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். வழிகாட்டி ஆசிரியர் யார், அவருக்கு உங்களுக்கென எவ்வளவு நேரம் தரப்படுகிறது, வாரத்தில் எந்த நாள் பயிற்சிக்குரியது, இரண்டாவது பள்ளியில் கற்பிக்கும் பகுதி எப்போது வரும் என்பவற்றுக்குத் தெளிவான பதில் தராத பள்ளியை நான் நம்பமாட்டேன். நீங்கள் இப்போது உதவியாளராக இருக்கும் பள்ளியிலேயே சேர்ந்தால், வேறு வகுப்பைக் கேட்டுப் பெறுங்கள். பழைய வகுப்பில் குழந்தைகளும் சக ஊழியர்களும் உங்களை உதவியாளராகவே பார்ப்பார்கள். அங்கே ஆசிரியருக்குரிய இடத்தைப் பிடிப்பது தேவையற்ற போராட்டம்.

பயிற்சியின் முடிவில் ஆசிரியர் தர விதிகளின் எட்டுப் பிரிவுகளையும், நடத்தை பற்றிய இரண்டாம் பகுதியையும் நிறைவு செய்தால் கியூடிஎஸ் எனும் தகுதிபெற்ற ஆசிரியர் நிலை கிடைக்கும். அரசுப் பள்ளியில் தகுதிபெற்ற ஆசிரியராக அதுவே போதும். பிஜிசிஇ என்பது அதிலிருந்து வேறான பல்கலைக்கழகச் சான்று. சில நிறுவனங்கள் அப்ரெண்டிஸ்களுக்கும் அதைச் சேர்த்துத் தருகின்றன, சில தருவதில்லை. பிற்காலத்தில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ சர்வதேசப் பள்ளிகளில் பணியாற்றும் எண்ணம் இருந்தால், அதைச் சேர்த்துத் தரும் இடத்தையே தேடுங்கள், ஏனெனில் அப்பள்ளிகள் பலவும் பிஜிசிஇ கேட்கின்றன. எந்த வழியில் வந்தாலும் அடுத்த இரண்டு ஆண்டுகள் புதிய ஆசிரியருக்கான அறிமுகக் காலம் உண்டு. முதல் ஆண்டில் கற்பிக்கும் நேரம் பத்து விழுக்காடும் இரண்டாம் ஆண்டில் ஐந்து விழுக்காடும் குறைக்கப்படும்.

விண்ணப்பங்கள் அக்டோபரில் திறக்கப்படும். எனிக் ஒப்பீட்டை அதற்குள் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் தலைமை ஆசிரியரிடம் இந்தக் கோடை விடுமுறைக்கு முன்பே பேசிவிடுங்கள். அப்ரெண்டிஸ் ஒருவரை எடுப்பதா என்பதைப் பள்ளிகள் அடுத்த ஆண்டுக்கான ஊழியர் திட்டத்தோடு சேர்த்தே முடிவு செய்கின்றன.