குடியாத்தம் பெண்ணும் 25 ஃபிரேமும்

குடியாத்தத்தில் கைலிக் கடை வைத்திருப்பவர் ஒருவர், பிளஸ் டூ முடித்த மகளோடு, அவள் படிப்பு பற்றிக் கேட்க, போன வாரம் என்னைப் பார்க்கக் காட்பாடிக்கு வந்திருந்தார். “ஊர் ஊராப் போய்ப் படம் எடுத்து டிவிக்குக் கொடுக்கணுமாம் சார். இவ பெரியப்பா பெங்களூர்ல இருந்து தினம் போன் பண்றார், மேனேஜ்மென்ட் கோட்டாவிலயாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுடுன்னு. கடையை அடமானம் வைக்கலாமான்னு பார்க்கிறேன்.”

நானும் வழக்கம்போல “கவலைப்படாதீங்க” என்றுதான் ஆரம்பித்தேன். அந்தப் பெண் குறுக்கே ஒன்று கேட்டாள்: “டிவிக்குன்னா எந்த ஃபார்மட்ல எடுக்கணும் சார்?” இந்த வயதில் வருகிறவர்கள் எந்த கேமரா வாங்கலாம் என்றுதான் கேட்பார்கள். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போனில் எடுத்ததைக் காட்டினாள். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், கல்யாண மண்டபத்து யாளித் தூண்கள். சாயங்கால டியூப் லைட் வெளிச்சத்தில் தூண் மேல் மங்கலான பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருந்தன. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் வினாடிக்கு 100 முறை மினுக்கும். போன் வினாடிக்கு 30 ஃபிரேமில் (ஃபிரேம் என்றால் ஒரு தனிப் படம்), ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் வினாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும்படி எடுத்தால் இரண்டும் ஒத்துப்போகாது. 25 ஃபிரேம், ஷட்டர் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் பட்டை போய்விடும்.

நம் டிவிக்கும் அந்த 25 தான் கணக்கு. எச்டி ஒளிபரப்பு 1920க்கு 1080 புள்ளி. ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதியாகப் பிரிந்து வினாடிக்கு 50 பாதிகளாகப் போகும். 30இல் எடுத்ததை 25க்கு மாற்றினால் ஆறு ஃபிரேமுக்கு ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும். உட்கார்ந்து பேசுகிறவர் முகத்தில் அது தெரியாது. ஆம்பூர் பஸ் ஜன்னலிலிருந்து எடுத்த மலை வெட்டி வெட்டி ஓடும். போதாததற்கு, வெளிச்சத்தைப் பார்த்து போன் ஃபிரேம் எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

அப்புறம் பிட், அதாவது நிறத்தை எத்தனை படியாகப் பிரித்துப் பதிகிறோம் என்பது. 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி, 10 பிட்டில் 1024. ஜவ்வாது மலையின் விடியற்கால வானத்தில் கலர் திருத்தினால், 8 பிட்டில் வானம் படிக்கட்டாக உடையும். 8 பிட் 4கேயா, 10 பிட் 4:2:2 (நிற விவரத்தைப் பாதி அளவுக்குக் காப்பாற்றும் முறை) எச்டியா என்றால், ஒளிபரப்புக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எடிட் முடிந்த மாஸ்டரை, அதாவது மூலப் பிரதியை, புரோரெஸ் 422 எச்க்யூ என்ற உயர்தர ஃபைல் வகையில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 83 ஜிபி ஆகும். சேனலுக்கு அனுப்ப எக்ஸ்டிகேம் 422 என்ற ஒளிபரப்பு வகை, வினாடிக்கு 50 மெகாபிட் என்றால் சுமார் 22 ஜிபி. எது வேண்டும் என்பதைச் சேனல் தன் தாளில் எழுதித் தரும். அதை வாங்கிப் படித்துவிட்டுத்தான் கேமராவையே தொட வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துச் சரிசெய்வதே முழுநேர வேலை. கான்ஃபார்ம் (எடிட்டுக்கு ஏற்ப மூலப் படங்களைக் கோப்பது), கலர் (நிறம் திருத்துவது), க்யூசி (தரம் பார்ப்பது) என்று பிரிவுகள் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளும்படியான பட்டம் கிடையாது, அவ்வளவுதான். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பு பற்றி ஊரே சொல்லும், நான் சொல்லவில்லை. தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. படத்தொகுப்பு, டிஜிட்டல் இன்டர்மீடியட் (எடுத்த படத்தைக் கணினியில் நிறம் திருத்தி இறுதிப் பிரதி ஆக்குவது), ஒலிப்பதிவு எல்லாம் நான்கு வருடப் பட்டப்படிப்பு. டிஜிட்டல் இன்டர்மீடியட் என்று ஒரு படிப்பு இருப்பதே நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. இந்தப் பெண் கேட்ட கேள்விக்கான பாடம் அதுதான். இடங்கள் குறைவு, பாடத் தகுதி துறைக்குத் துறை மாறும். விளக்கக் குறிப்பேட்டை வரி விடாமல் படியுங்கள்.

கடை அடமானம் மட்டும் கூடவே கூடாது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் கூடாது, கேமராவுக்கும் கூடாது. கேமராவை நாள் வாடகைக்கு எடுக்கலாம். ‘இன்ஜினியரிங் முடிச்சுட்டு அப்புறம் ஆசைப்பட்டதைப் பண்ணட்டும்’ என்கிற பெரியப்பாவிடம், அந்த நான்கு வருட ஃபீஸை அவர் கட்டுவாரா என்று கேளுங்கள். கணக்கென்றாலே பயம் என்று அவள் என்னிடம் சொன்னாள், உங்களிடமும் சொல்லியிருப்பாள்.

அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், தோட்டத்திலிருந்து சந்தை வரை, பத்து நிமிடம். எல்லாம் 25 ஃபிரேமில். கோட்டை இப்போதைக்கு வேண்டாம், டிவிக்கு எடுப்பதென்றால் தொல்லியல் துறை அனுமதி வாங்க வேண்டும்.

எழுந்து கிளம்பும்போது அப்பா தயங்கினார். “சார், கைலியை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டா கட்டமெல்லாம் நெளியுதே, அது ஏன்?”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: “கட்டம் ரொம்ப நெருக்கம்பா, சென்சார் புள்ளியோட மோதுது. கொஞ்சம் கிட்டப் போய் எடுத்தா நெளியாது.”