குழுவில் பேசாத மாணவர்

வணக்கம் ஐயா,

கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கரோலின் ரோசேயின் ஆய்வுகளைச் சில மாதங்களாக வாசித்துவருகிறேன். மாணவர்கள் குழுவாகத் தட்டச்சு உரையாடலில் கற்கும்போது, அந்த உரையாடலை இயந்திரம் படித்து வகைப்படுத்தும் ஆய்வுகள். என் வகுப்பில் நால்வர் குழுக்கள். ஒவ்வொன்றிலும் ஒருவரே எல்லா வேலையையும் செய்கிறார். இன்னொருவர் 'சரி', 'ஆமாம்' என்கிறார். மற்ற இருவர் வாயே திறப்பதில்லை. இந்தச் சோம்பேறிகளை இயந்திரத்தைக்கொண்டு கண்டுபிடித்து மதிப்பெண்ணைக் குறைக்கலாமா? அதற்கு எந்த இயந்திரக் கற்றல் மாடல் ஏற்றது? இரண்டு மொழி கலந்து எழுதினால் தடுமாறுமா? கேட்ட உடனே விளக்கும் சாட்பாட் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும்போது, குழுவாகக் கற்பது இனித் தேவைதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எந்த மாடல் என்பதை உங்கள் துறை நண்பர் யாரிடமாவது கேளுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பதில் மாறிவிடும். மொழி கலந்தால் தடுமாறத்தான் செய்யும். உங்கள் மாணவர்களின் உரையாடலிலேயே சில நூறு வரிகளைக் கையால் வகைப்படுத்தி, அவற்றைக்கொண்டு மாடலைப் பழக்கினால் குறைவாகத் தடுமாறும். இவற்றுக்காக நான் பதில் எழுத உட்காரவில்லை. நேரில் பார்த்துப் பழகும் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

குழுவில் சோம்பல் உண்டு, மறுக்கவில்லை. 1979இல் உளவியலாளர் லட்டானேவும் சக ஆய்வாளர்களும் ஆட்களைத் தனியாகவும் கூட்டமாகவும் கைதட்டச் சொன்னார்கள், கத்தச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒவ்வொருவரும் போடும் சத்தம் குறைந்தது. அவரவர் சத்தம் தனித்தனியாக அளக்கப்படுகிறது என்று சொன்னால் அந்தச் சோம்பல் மறைந்ததையும் பிறகு காட்டினார்கள். உங்கள் திட்டத்துக்கு இது ஆதரவு போலத் தோன்றும். ஆனால் கைதட்டலை யாரும் கேட்ட மாத்திரத்தில் கூட்டிவிடலாம். யோசனையை அப்படிக் கூட்ட முடியாது. அளக்கிறார்கள் என்று தெரிந்தால் மாணவர் யோசிப்பதுபோன்ற வாக்கியங்களை எழுதுவார். நீளமான செய்தியையும் 'ஏனென்றால்' என்ற சொல்லையும் இயந்திரம் மதிக்கிறது என்பதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் உங்கள் கையில் இருப்பது 'ஏனென்றால்' நிறைந்த வெற்று உரையாடல்.

ரோசேயின் ஆய்வுகளை வாசித்ததாகச் சொல்கிறீர்கள். வகைப்படுத்தும் பகுதியை மட்டும் வாசித்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். 2008இல் ஃபிஷர், வைன்பெர்கர் முதலான ஜெர்மன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஆய்வாளர்கள் வாரக்கணக்கில் கையால் செய்யும் வகைப்படுத்தலை இயந்திரம் எவ்வளவு தூரம் செய்யும் என்பது ஒரு பாதி. குழு தடுமாறும் நேரத்தில், உரையாடல் நடக்கும்போதே உதவி நீட்ட அது பயன்படுமா என்பது மறுபாதி. உதவி நீட்டுவதற்காக உண்டாக்கிய கருவியை நீங்கள் தண்டிக்கக் கேட்கிறீர்கள்.

அந்த வகைப்படுத்தலில் என்ன தேடினார்கள் என்பதிலும் கவனம் வையுங்கள். யார் அதிகம் பேசினார் என்பதை எண்ண எந்த ஆய்வும் வேண்டாம். அவர்கள் தேடியவற்றுள் முக்கியமானது ட்ரான்சாக்டிவிட்டி. பெர்கோவிட்ஸும் கிப்ஸும் 1983இல், மாணவர்கள் இருவர் இருவராக அறச்சிக்கல்களை விவாதிப்பதை ஆராய்ந்து முன்வைத்த கருத்து அது. நீங்கள் சொன்னதை எடுத்து, அதன்மேல் நான் யோசித்து, நீட்டியோ மறுத்தோ திருத்தியோ பேசுகிறேனா? அப்படிப்பட்ட பேச்சு எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி. நால்வரும் ஆளுக்குப் பத்து வரி எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் தொடவே இல்லையென்றால் அங்கே குழுவே இல்லை. நால்வர் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் நல்ல மாணவரைப் பற்றியும் இதைத்தான் கேட்கிறேன். எல்லாவற்றையும் செய்துமுடிக்கும் அந்த ஒருவர், மற்ற மூவரின் ஒரு சொல்லையாவது தன் சொல்லுக்குள் எடுத்துக்கொண்டாரா? இல்லையென்றால் குழுவில் கற்காதவர்களில் அவரும் ஒருவர். அவருக்கு மட்டும் முழு மதிப்பெண்ணா?

மாணவனாக இருந்தபோது நானும் பேசாதவன்தான். எங்கள் குழுவில் மூன்று பேர். மற்ற இருவரும் வேகமாக யோசிப்பார்கள். எனக்கு வாக்கியம் பாதிதான் வரும். மீதி வருவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். ஒருநாள் ரிகர்ஷன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு ஃபங்க்ஷன், அதாவது நிரலில் ஒரு வேலையைச் செய்யும் துண்டு, தன்னைத்தானே அழைத்தால் எங்கே நிற்கும் என்பதில் சிக்கல். "அது... சின்னதாகிக்கொண்டே போகணும் இல்லையா, ஆனால்..." என்று நிறுத்திவிட்டேன். அந்த இருவரில் ஒரு நண்பன் தன் பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். "ஒவ்வொரு தடவை அழைக்கும்போதும் கணக்கு சின்னதாகணும், ஏதோ ஒரு கட்டத்தில் அழைக்காமலே விடை தெரியணும், அதைத்தானே சொல்ல வர்றே?" என்று கேட்டான். நான் சொல்ல வந்ததில் பாதிதான் அது. மீதிப் பாதி அவனுடையது. ஆனால் அது என்னுடைய கருத்தாகவே என்னிடம் திரும்பி வந்தது. ஆமாம் என்றேன். பிறகு, அப்படிச் சின்னதாகாமல் போனால் என்ன ஆகும் என்று நானே கேட்டேன். என் வாயிலிருந்து முழுதாக வந்த முதல் கேள்வி அது. அவன் எனக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. என் அரைவாக்கியத்தைக் கீழே விழாமல் பிடித்தான். அவ்வளவுதான் செய்தான்.

இதை ஆய்வாளர்கள் ரீவாய்சிங் என்கிறார்கள். லாரன் ரெஸ்னிக், சாரா மைக்கேல்ஸ், கேத்தரின் ஓ'கானர் ஆகியோர் வகுப்பறைப் பேச்சைப் பற்றிச் செய்த ஆய்வுகளில் நல்ல ஆசிரியர்களிடம் இதைக் கண்டு விவரித்தார்கள். சொன்னதை இன்னும் தெளிவாகத் திருப்பிச் சொல்லி 'இதைத்தானே சொல்கிறாய்?' என்று கேட்பது, 'இதை நீ ஏற்கிறாயா, ஏன்?' என்று இன்னொருவரை உள்ளே இழுப்பது. ரோசேயும் அவருடைய மாணவர்களும் இந்தச் செயல்களைத்தான் குழு உரையாடலில் சேரும் இயந்திரத் துணைக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மாணவர் எழுதிய வரியை, முன்பே தயாரித்துவைத்த சரியான கூற்றுகளோடு அது ஒப்பிடும். போதுமான நெருக்கம் இருந்தால் மட்டும் திருப்பிச் சொல்லிக் கேட்கும். இன்றைய கண்ணுக்கு மிக எளிய தொழில்நுட்பம். எல்லா மாணவருக்கும் அது ஒரே பலனைத் தரவுமில்லை. இன்னொன்றையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள்: குழுவுக்குள் விடப்பட்ட இயந்திர ஆசிரியரை மாணவர்கள் பலமுறை பொருட்படுத்தவே இல்லை, சிலர் திட்டவும் செய்தார்கள். தனியாக இருக்கும்போது பணிவாகப் பதில் சொல்லும் அதே மாணவருக்கு, பக்கத்தில் நண்பர்கள் வந்ததும் இயந்திரம் வெளியாள் ஆகிவிடுகிறது. பிறகு ஊக்கப்படுத்தும், சமூகப் பண்புள்ள துணையைச் செய்துபார்த்தபோது கற்றல் மேம்பட்டது.

குழு இனித் தேவையா என்று கேட்டீர்கள் அல்லவா. கேட்ட உடனே முழு விடையை நீட்டும் இயந்திரம், அரைவாக்கியத்துடன் நிற்கும் மாணவரிடமிருந்து மீதி வாக்கியத்தைப் பிடுங்கிவிடுகிறது. நண்பனுக்கும் அது முழுதாகத் தெரியாது என்பதால்தான் இருவரும் சேர்ந்து முடிக்க வேண்டியிருக்கிறது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடி. அதை 3 வினாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, அதுவரை வாய் திறக்காதவர்கள் பேசினார்கள். வெறும் 3 வினாடி, ஆர்! உங்கள் குழுக்களில் அந்த ஒரு வேகக்காரர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பார்த்தீர்களா? உரையாடலில் ஒவ்வொரு செய்திக்கும் நேரம் பதிவாகியிருக்குமே. இயந்திரத்துக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

நீங்கள் கொடுத்த பணியையும் எடுத்துப் பாருங்கள். ஒருவரே செய்துமுடிக்கக்கூடிய வேலையை நால்வரிடம் கொடுத்தால் ஒருவர்தான் செய்வார். 1971இல் உளவியலாளர் எலியட் ஆரன்சன், பாடத்தைத் துண்டாக்கி ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். மற்றவர் பேசாமல் யாராலும் முழுப்பாடத்தையும் அறிய முடியாது. உங்கள் அடுத்த பணியை அப்படிப் பிரித்துக் கொடுங்கள்.

மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். பழைய உரையாடல் பதிவுகளை அந்தந்தக் குழுவிடமே திருப்பிக் கொடுங்கள். ஒருவர் சொன்னதால் இன்னொருவரின் யோசனை மாறிய இடம் எங்கே, யாரோ தொடங்கி யாரும் எடுத்துக்கொள்ளாமல் விட்ட வரி எங்கே என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது வகை வரிகளை எனக்கு அனுப்புங்கள். பெயர்கள் வேண்டாம்.

அன்புடன்.