முன்பல் இம்பிளான்ட்: அழகு ஈறுக்கு அடியில்தான் இருக்கிறது

கேள்வி: என் தம்பி மண்டபத்தில் விசைப்படகில் போகிறவன். வயது 33. கயிறு அறுந்து அடித்ததில் மேல் வரிசை நடுப்பல் உடைந்து, 4 மாதத்துக்கு முன்பு பிடுங்கிவிட்டார்கள். இம்பிளான்ட் (எலும்புக்குள் உலோக ஸ்க்ரூ இறக்கி அதன் மேல் பல் பொருத்துவது) வைக்கலாம் என்கிறார்கள். எங்கள் உறவுக்காரர் ஒருவருக்கு வைத்த பல் பக்கத்துப் பல்லைவிட நீளமாக, ஈறு ஓரம் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. தம்பிக்கும் அப்படி ஆகுமா? தடிமனான ஸ்க்ரூ போட்டால் நல்லது என்கிறார்களே?

பதில்: தடிமன் வேண்டாம். உறவுக்காரருக்கு நடந்ததற்கும் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். முன்பல்லுக்கு வெளிப்பக்கம், உதட்டை ஒட்டி, எலும்பு இயல்பாகவே மெல்லிய தகடுதான். ஸ்க்ரூவுக்கு முன்னால் சுமார் 2 மி.மீ. எலும்பு மிஞ்ச வேண்டும். தடித்த ஸ்க்ரூ போட்டாலோ, ஸ்க்ரூ உதட்டுப் பக்கம் தள்ளி இறங்கினாலோ அந்தத் தகடு கரையும். பின்னாலேயே ஈறும் மேலேறும், பல் நீளமாகத் தெரியும். நடுப்பல்லுக்கு 4 மி.மீ. அளவு விட்டம் போதும். அதற்கு அடுத்த சின்னப் பல்லுக்கு 3 முதல் 3.5. பக்கத்துப் பல்லின் வேருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே 1.5 மி.மீ. இடைவெளி இல்லையென்றால் இரண்டு பல்லுக்கும் இடையிலுள்ள ஈறு முக்கோணம் சுருங்கி, அங்கே கறுப்பாக ஓட்டை தெரியும்.

ஆழத்தையும் கேளுங்கள். 4 மி.மீ. ஸ்க்ரூவிலிருந்து ஏறக்குறைய 7 மி.மீ. அகலமுள்ள பல் விரிந்து வர வேண்டும். அந்த விரிவுக்கு இடம் வேண்டுமென்றுதான், ஈறு ஓரம் எங்கே அமைய வேண்டுமோ அதற்கு 3 முதல் 4 மி.மீ. உள்ளே ஸ்க்ரூவின் தலை உட்கார்கிறது. மேலாக நின்றால் பல் காளான் குடைபோல் பிதுங்கும், உலோகமும் எட்டிப் பார்க்கும். அதிகம் புதைந்தால் சுற்றியுள்ள எலும்பு கரைந்துவிடும்.

கழுத்து வடிவம் இன்னொன்று. ஈறுக்குள் நீண்டு நிற்கும் வழவழப்பான உலோகக் கழுத்து கடைவாய்ப் பல்லுக்குப் பரவாயில்லை. முன்பல்லுக்கு எலும்பு மட்டத்திலேயே முடியும் ஸ்க்ரூ, அதன் மேல் பல்லைத் தாங்க, ஸ்க்ரூவைவிட ஒடுங்கிய இணைப்புத் துண்டு என்ற அமைப்பு நல்லது. ஸ்க்ரூவும் துண்டும் சேரும் விளிம்பு உள்ளே தள்ளிப் போவதால் சுற்றியுள்ள எலும்பு நன்றாக நிற்கும். சாம்பல் நிறம் ஈறு 2 மி.மீ.க்கும் மெல்லியதாக இருந்தால்தான் கசியும். உலோகத்துக்குப் பதில் சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் வகைத் துண்டு வைத்தோ, அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஈறைத் தடிமனாக்கியோ சரிசெய்யலாம்.

தம்பியின் விஷயத்தில் ஒரு சிக்கல். பல் போன முதல் ஆண்டில் அந்த இடத்து எலும்பின் அகலம் பாதி வரை குறையலாம். குறைவதில் பெரும்பகுதி முதல் 3 மாதத்திலேயே நடந்துவிடும். அதனால் முதலில் சிபிசிடி ஸ்கேன் (தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே). அதற்கு மதுரை போக வேண்டியிருந்தாலும் போங்கள். எலும்பு போதாதென்றால் எலும்புத் தூள் நிரப்ப வேண்டும்; அதற்குத் தனியாக 4 முதல் 6 மாதம் காத்திருக்க நேரலாம். ஸ்க்ரூ எலும்போடு பிடிக்க 3, 4 மாதம். பிறகு நேரே நிரந்தரப் பல் வைக்காமல், 2, 3 மாதம் தற்காலிகப் பல்லால் ஈறை வடிவாக்கிக்கொள்வது முன்பல்லுக்கு அவசியம். இடையில் போடும் கழற்றி மாட்டும் பல் ஈறை அழுத்தக் கூடாது.

விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால் அறுவையை அதன் தொடக்கத்தில் வைத்துக்கொண்டால், தையல் ஆறும் நாட்களில் கயிறு இழுக்கும் வேலை இருக்காது. பீடி, சிகரெட், புகையிலை இருந்தால் நிறுத்தியாக வேண்டும், சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

பல் வந்த பிறகு வலை நரம்பைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். இயற்கைப் பல்லுக்கு அடியில் மெத்தைபோல் நார் உண்டு, ஸ்க்ரூவுக்கு அது கிடையாது. எவ்வளவு பலமாகக் கடிக்கிறோம் என்பது சரியாக உறைக்காது. பீங்கான் சில்லு தெறிக்கும், இல்லையென்றால் பல்லை ஸ்க்ரூவோடு பிணைக்கும் சின்னத் திருகு தளரும். படகில் ஒரு கத்தரிக்கோல் கிடக்கட்டும்.