இங்கே உறங்காதவருக்கும் கல்லில் இடம் உண்டா?

கேள்வி: நிபோங் திபாலுக்கு அருகே, நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் இடுகாட்டில் எங்கள் குடும்பத்தார் பதினொரு பேரின் கல்லறைகள் ஒரே வரிசையில் உள்ளன. அவற்றுள் ஒன்று இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த தாத்தாவுடையது. மற்றொன்று மலேசியத் தரைப்படையில் பணியாற்றிய பெரிய மாமாவுடையது. குடும்பத்தின் படைவீரர்களுக்காக அங்கே ஒரு நினைவுக்கல் நட விரும்புகிறோம். தாத்தாவின் தம்பி, இரண்டாம் உலகப் போரின்போது தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பவே இல்லை. அவர் படைவீரர் அல்லர், அவருடைய உடலும் அங்கே இல்லை, ஆகவே அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்கிறார் சின்ன மாமா. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: சேர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

உடல் இல்லாத இடத்தில் பெயர் பொறிக்கக் கூடாது என்ற நெறி எங்குமே இல்லை. சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவிடத்துச் சுவர்களில், கல்லறை எங்கிருக்கிறதென்று தெரியாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் உள்ளன. தத்தம் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு அங்கேயே தனி நினைவுச் சின்னமும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். பெயரும் பீடும் எழுதி நடுகல் நாட்டிய நம் முன்னோரும், வீழ்ந்தவனின் உடல் அந்தக் கல்லின் அடியில்தான் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தவில்லை.

அவர் படைவீரர் அல்லர் என்று தங்கள் மாமா சொல்வது உண்மைதான். அவரை வீரர் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆனால் அவரை விட்டுவிடுவதன் பொருள் என்ன என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1942, 1943 ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட அந்தப் பாதையில் ஏறத்தாழ 13,000 போர்க்கைதிகள் மாண்டனர். அவர்களுடைய உடல்கள் பின்னர் தேடி எடுக்கப்பட்டு, காஞ்சனாபுரி முதலிய போர்க் கல்லறைகளில் வரிசை வரிசையாக அடக்கம் செய்யப்பட்டன. அதே பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற நம் தமிழர்கள் உட்பட, ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. காலராவும் பட்டினியும் கொண்டுபோன அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல் எங்குமே இல்லை. தங்கள் குடும்பம் எழுதாவிட்டால், அந்தச் சின்னத் தாத்தாவின் பெயரை எழுத வேறு யாரும் வரப்போவதில்லை.

ஆகவே தலைப்பை மாற்றுங்கள். ‘படைவீரர்கள்’ என்பதற்குப் பதிலாக ‘இக்குடும்பத்திலிருந்து சென்றவர்கள்’ என்று எழுதினால் மூவருக்கும் அது பொருந்தும். சின்ன மாமாவின் மனமும் ஒருவேளை இணங்கலாம். மூன்று பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். பிரிட்டிஷ் பேரரசின் படையினருக்காக 1917இல் தொடங்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையம் பதவி, இனம், சமயம் என்ற வேறுபாடு பாராமல் கல் நடுவதை நெறியாகக் கொண்டது. குடும்பக் கல்லுக்கும் அது தகும். தாத்தா, பெரிய மாமா ஆகியோரின் பெயர்களுக்குக் கீழே படைப்பிரிவையும் ‘இங்கே அடக்கம்’ என்பதையும், தம்பியின் பெயருக்குக் கீழே ‘சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டார், திரும்பவில்லை’ என்பதையும் எழுதுங்கள். தாத்தாவின் பதவி உறுதியாகத் தெரியாவிட்டால், கேள்விப்பட்டதை வைத்துப் பதவி எழுத வேண்டாம். ‘இந்திய தேசிய ராணுவம்’ என்ற மூன்று சொற்களே போதும். 1945 ஜூலையில் சிங்கப்பூரில் அந்த ராணுவத்துக்காக நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ் படை இடித்துவிட்டது. அதே இடத்தில் ஓர் அடையாளக் கல் நிற்பதற்கு 1995 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனால், அந்தப் பெயர் ஒரு தோட்டத்து இடுகாட்டில் நிற்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கல்லுக்குச் சொல்லி வைப்பதற்கு முன், நில உரிமையாளரிடம் எழுத்துமூலமாக அனுமதி பெறுங்கள். தோட்ட நிலங்கள் கைமாறும் இக்காலத்தில், அந்தக் கடிதம் கல்லுக்குப் பிற்காலத்திலும் துணையாக இருக்கும்.

கேள்வி: நினைவுக்கல்லில் தமிழில் மட்டும் எழுதினால் போதுமா?
– வாசகி, செந்தூல்

பதில்: தமிழ் முதலில் இருக்கட்டும். அதன் கீழே, பிறப்புச் சான்றிதழிலோ பணிப் பதிவிலோ உள்ளபடியே ரூமி (ரோமன்) எழுத்திலும் பெயரைப் பொறியுங்கள். கொள்ளுப்பேரப் பிள்ளைகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடும்போது அந்த எழுத்துக்கூட்டல்தான் அவர்களுக்கு வழிகாட்டும். பளிங்கு நம் மழையில் விரைவில் பாசி படிந்து மங்கிவிடுகிறது. கருங்கல்லில் ஆழமாக வெட்டிய எழுத்து நெடுங்காலம் நிற்கும். கல் வெட்டுபவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் என்பதால், முழு அளவில் தாளில் எழுதி வாங்கி, ணகர னகரமும் லகர ளகரமும் சரியாக உள்ளனவா என்று குடும்பத்தில் இருவர் படித்துப் பார்த்த பிறகே உளி வைக்கச் சொல்லுங்கள்.