விமானி பயிற்சிக்கு எந்தப் பணம், எப்போது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகன் பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் எடுத்துத் தேர்ச்சி பெற்றிருக்கிறான். விமானியாவதே அவனுடைய ஆசை. ஒரு பயிற்சிப் பள்ளியில் 43 லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். இந்த மாதமே முழுத் தொகையையும் கட்டினால் 3 லட்சம் தள்ளுபடி என்கிறார்கள். எங்களுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சையும் ஒரு வீடும் இருக்கின்றன. நிலத்தை விற்பதா, வங்கிக் கடன் வாங்குவதா? – கம்பத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: இந்த மாதம் எதையும் விற்க வேண்டாம், எந்தத் தொகையையும் கட்டவும் வேண்டாம். பணம் எங்கிருந்து வரும் என்று யோசிக்கும் முன், அது எப்போது உங்கள் கையை விட்டுப் போக வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். விமானி பயிற்சிக்காகக் கடன்பட்டுத் தவிக்கும் குடும்பங்கள் பலவற்றின் துயரத்துக்கு, கடன் கிடைக்காதது காரணமில்லை. கடன் தொகை முழுவதும் முதல் நாளே பள்ளியின் கணக்குக்குப் போய்விட்டதுதான் காரணம்.

முதலில் மருத்துவத் தகுதி. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 பரிசோதனையையும், அதைத் தொடர்ந்து கிளாஸ் 1 பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். வணிக விமானி உரிமத்துக்குக் கிளாஸ் 1 சான்று கட்டாயம். சில ஆயிரங்களில் தெரிந்துவிடக்கூடிய ஒரு குறை, வீட்டை அடமானம் வைத்த பிறகு தெரியவரக் கூடாது. அடுத்து எழுத்துத் தேர்வுகள். விமான வழிகாட்டல், வானிலை, விமான ஒழுங்குமுறைகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் தேர்ச்சிக்கு 70 மதிப்பெண் வேண்டும். விமானத்தில் ஏறுவதற்கு முன்பே இவற்றை எழுத முடியும். வீட்டிலிருந்து ஆறேழு மாதம் படித்து இரண்டு மூன்று தாள்களையாவது முடித்துவிட்டால், பயிற்சிக் காலமும் சுருங்கும், பையனின் உறுதியும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இனி கடனுக்கு வருவோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற விமானி பயிற்சிக்கும் இடம் உண்டு. அத்திட்டத்தின்படி ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை. அதற்கு மேல் போனால் வங்கி ஈடு கேட்கும். 4 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில், உள்நாட்டுப் பயிற்சியென்றால் செலவில் 5 சதவீதத்தையும், வெளிநாட்டுப் பயிற்சியென்றால் 15 சதவீதத்தையும் நீங்கள் சொந்தமாகப் போட வேண்டும். விவசாய நிலத்தை ஈடாகக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தால், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடன் நிலுவையானால் வங்கிகள் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபாசி சட்டம், அதன் 31ஆம் பிரிவின்படி விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் நஞ்சைக்கு எவ்வளவு விலை இருந்தாலும் வங்கிகள் அதை ஈடாக ஏற்கத் தயங்கும். வீட்டுப் பத்திரத்தையே கேட்கும்.

தள்ளுபடியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்டி 10 சதவீதம், பயிற்சி இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி போக 40 லட்சத்தை முதல் நாளே வங்கி கொடுத்துவிட்டால், இரண்டு ஆண்டில் 8 லட்சம் வட்டி சேர்ந்து, கடன் 48 லட்சமாகிவிடும். தள்ளுபடியே வேண்டாமென்று 43 லட்சத்தையும் ஆறு மாதத்துக்கு ஒன்றாக நான்கு சம தவணைகளில் கட்டினால், அதே காலத்துக்கு வட்டி சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம். மொத்தம் 48 லட்சத்து 38 ஆயிரம். ஆகப் பள்ளி தருவதாகச் சொல்லும் 3 லட்சத்தில் உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது 38 ஆயிரம் ரூபாய்தான். அந்த 38 ஆயிரத்துக்காக, விமானம் பழுதாகி நின்றாலும், பயிற்றுநர் வேலையை விட்டுப் போனாலும், பள்ளியே மூடப்பட்டாலும் அந்த இழப்பு முழுவதையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். இது எந்த வகையிலும் கட்டுபடியாகாது.

பயிற்சிக்குப் பிறகு, தவணை கட்டத் தேவையில்லாத ஓராண்டு அவகாசமும் முடியும்போது கடன் 52 லட்சத்தை எட்டியிருக்கும். 15 ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 56,000 ரூபாய். படிக்கும் காலத்திலேயே மாத வட்டியைக் கட்டி வருவது நல்லது. பல வங்கிகள் அதற்கு 1 சதவீதம் வரை வட்டிச் சலுகை தருகின்றன. தவணை முறையில் பணம் போனால் முதல் ஆறு மாதம் வட்டி மாதம் 9,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், கட்டும் கல்விக்கடன் வட்டி முழுவதையும் எட்டு ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் இந்தக் கழிவு கிடையாது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 200 மணி நேரம் பறந்து உரிமம் வாங்கியதும் விமான நிறுவனம் கூப்பிட்டு வேலை தருவதில்லை. ஏ320 போன்ற குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சிக்கு மேலும் 15 முதல் 25 லட்சம் வரை ஆகும். நிறுவனங்கள் ஆள் எடுப்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். காத்திருக்கும் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். நிலத்தை இப்போது விற்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். அது அந்த இரண்டாம் கட்டத்துக்கான உங்கள் கையிருப்பு.

கேள்வி: என் தங்கைக்கு வங்கிக் கடன் கிடைத்துவிட்டது. இரண்டு பள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டணம் குறைவாக உள்ளதை எடுத்துக்கொள்ளலாமா? – தஞ்சாவூர் வாசகி

பதில்: கட்டணத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரு மாணவர் மாதம் எத்தனை மணி நேரம் பறக்கிறார் என்று பாருங்கள். மாதம் 15 மணி நேரம் கிடைத்தால் 200 மணி நேரம் 14 மாதத்துக்குள் முடிந்துவிடும். 6 மணி நேரம்தான் கிடைக்கிறதென்றால் 33 மாதமாகும். கட்டணத்தில் மிச்சம் பிடித்த தொகை, அந்தக் கூடுதல் மாதங்களின் வட்டியிலும் விடுதிச் செலவிலும் கரைந்துவிடும்.

முன்னறிவிப்பில்லாமல் ஒரு வேலை நாள் காலை ஏழு மணிக்கு ஓடுதளத்துக்குப் போய் நில்லுங்கள். எத்தனை விமானங்கள் நிற்கின்றன, எத்தனை பறக்கின்றன, எத்தனை எஞ்சின் மூடி கழற்றப்பட்டுக் கொட்டகையில் கிடக்கின்றன என்று எண்ணுங்கள். மூத்த மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம் பறந்த நேரத்தைப் பதியும் லாக் புக்கைக் காட்டச் சொல்லி, கடந்த மூன்று மாதக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். விளம்பரப் புத்தகத்தில் கிடைக்காத உண்மை அந்தப் பக்கங்களில் இருக்கும். டிஜிசிஏவும் 2025 அக்டோபர் முதல் பயிற்சிப் பள்ளிகளை ஏ பிளஸ், ஏ, பி, சி என்று ஆண்டுக்கு இருமுறை தரம் பிரித்து வெளியிடுகிறது. முதல் பட்டியலில் முதல் இரண்டு தரங்களில் ஒரு பள்ளிகூட வரவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள்.

ஒப்பந்தத்தில் தவணைகளை மாதக் கணக்கோடு இணைக்காமல், பறந்த மணி நேரத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். முதல் 50 மணி நேரம் முடிந்தால் இரண்டாம் தவணை என்பது போல. நடுவில் விலகினால் பறக்காத மணி நேரத்துக்கான பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அதே தவணை அட்டவணையை வங்கி மேலாளரிடமும் கொடுத்துவிட்டால், கணக்கிலிருந்து பணம் அந்த வரிசையில்தான் வெளியேறும். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் நடத்தும், டிஜிசிஏ கட்டாயமாக்கியுள்ள பறப்புப் பயிற்சிக்கு விலக்கு உண்டு என்று 2024 அக்டோபரில் மத்திய அரசின் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருக்கிறது.

கேள்வி: நாங்கள் பட்டியல் இனத்தைச் சேர்ந்தவர்கள். ஆண்டு வருமானம் 2 லட்சம். என் மகளுக்கு அரசு உதவி ஏதேனும் உண்டா? – தென்காசி வாசகி

பதில்: உண்டு. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து வழங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தின் முதல் பிரிவிலேயே வணிக விமானி உரிமப் படிப்பு இடம்பெற்றிருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தகுதி இருக்கிறது. பராமரிப்புப் படி விடுதி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய். பெரிய தொகை கட்டணம்தான் என்பதால், நீங்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி திட்டத்தில் வருமா, கட்டணத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் எழுத்துமூலம் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே சேருங்கள். மீதித் தொகைக்கு, ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான மாநில அரசுக் கழகமான தாட்கோ அலுவலகத்தில் கல்விக்கடன் பற்றிக் கேளுங்கள்.

உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் மத்திய அரசு நடத்தும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியில் இடஒதுக்கீடு இருக்கிறது; நுழைவுத் தேர்வு மூலம் சேர்க்கை நடக்கிறது. கட்டணம் 45 லட்சத்தை ஒட்டி இருந்தாலும், தவணையாகக் கட்டலாம். உங்கள் மகள் அந்தத் தேர்வை எழுதிவிட வேண்டும் என்பது என் விருப்பம். வறுமைக்கும் வானத்துக்கும் இடையிலிருக்கும் இந்தச் சில வழிகள் தெரியாமலே எத்தனையோ பெண்கள் விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

கேள்வி: விமான நிறுவனங்களின் கேடட் திட்டத்தில் சேர்ந்தால் வேலை உறுதியா? – கோவை மாணவர்

பதில்: இண்டிகோ போன்ற நிறுவனங்களின் திட்டங்களில் தேர்வு செய்து, பயிற்சிக்கு அனுப்பி, டைப் ரேட்டிங்கையும் சேர்த்தே முடித்துத் தருகிறார்கள். ஆனால் செலவு உங்களுடையது. அது ஒரு கோடி ரூபாயைத் தொடும், தாண்டவும் செய்யும். முழுவதும் கடனென்றால், 10 சதவீத வட்டியில் 15 ஆண்டுத் தவணை மாதம் ஒரு லட்சத்து 7 ஆயிரத்துக்கு மேல் வரும். வேலை தருவதாகக் கிடைக்கும் கடிதம் நிபந்தனைக்கு உட்பட்டது. நடுவில் ஒரு கட்டத்தில் தோற்றால் பணம் திரும்புமா, நிறுவனம் ஆள் எடுப்பதை ஒத்திவைத்தால் வேறு இடத்தில் சேரலாமா என்ற இரண்டுக்கும் தெளிவான பதில் வாங்குங்கள். மாத வட்டியைச் சம்பளத்திலிருந்தே கட்டக்கூடிய பெற்றோருக்கு இது நல்ல வழி. இருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைக்க வேண்டிய குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: செலவே இல்லாமல் விமானியாக முடியுமா? – விருதுநகர் வாசகர்

பதில்: விமானப்படையில் முடியும். பிளஸ் டூ முடித்தவர்கள் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான என்டிஏ தேர்வு மூலமும், பட்டதாரிகள் விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வான ஆஃப்கேட் மூலமும் பறக்கும் பிரிவில் சேரலாம். பெண்களுக்கும் இரண்டு வழியும் திறந்திருக்கிறது. பயிற்சிச் செலவு அரசுடையது. ஆஃப்கேட் வழியாகக் குறுகிய காலப் பணியில் சேர்ந்தால் 14 ஆண்டு சேவை. அது போர்வீரரின் வாழ்க்கை. அதை விரும்புகிறவர்கள் மட்டும் போக வேண்டும்.

கேள்வி: 120 மணி நேரம் முடித்த நிலையில் எங்கள் பள்ளியில் ஐந்து மாதமாகப் பயிற்சி நடக்கவில்லை. வங்கி வட்டி ஏறுகிறது. என்ன செய்வது? – சேலம் மாணவர்

பதில்: முதல் வேலையாக, லாக் புக்கில் இதுவரை பறந்த ஒவ்வொரு பதிவுக்கும் தலைமைப் பயிற்றுநரின் கையொப்பத்தை வாங்கிவிடுங்கள். பள்ளி மூடப்பட்ட பிறகு அந்தக் கையொப்பம் கிடைப்பது மிகக் கடினம். வேறு பள்ளிக்கு மாறும்போது உங்கள் 120 மணி நேரத்துக்கு அதுதான் ஆதாரம். அடுத்து வங்கிக்கு எழுதி, இன்னும் விடுவிக்காத தவணையை நிறுத்தச் சொல்லுங்கள். குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாதவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை கால நீட்டிப்புத் தர மாதிரித் திட்டத்திலேயே இடமிருப்பதைக் குறிப்பிட்டு, கணக்கு வாராக்கடனாக மாறும் முன்பே விண்ணப்பியுங்கள். பறக்காத 80 மணி நேரத்துக்கான தொகையைத் திருப்பிக் கேட்டுப் பள்ளிக்கு ஒரு கடிதமும், அதன் நகலை இணைத்து டிஜிசிஏவுக்கு ஒரு புகாரும் அனுப்புங்கள். எல்லாவற்றையும் மின்னஞ்சலோடு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வழக்கறிஞரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.