எட்டாம் நம்பர்காரரின் கூலி

வணக்கம்.

போன வாரம் நீங்கள் எழுதிய, பேர் வாங்காத விளையாட்டுக்காரர்கள் பற்றிய கட்டுரையை வாசித்தேன். ஓரிடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. ரொறன்ரோவில் வூல்ஃப்பாக் என்றொரு றக்பி லீக் அணி இருந்தது. 2018 கோடையில் மகனைக் கூட்டிக்கொண்டு லம்போர்ட் மைதானத்துக்குப் போனேன். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. அந்த அணியில் ஆஷ்ரன் சிம்ஸ் என்று ஒரு முன்வரிசைக்காரர், வயது முப்பத்துமூன்று. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் ஐந்து கிளப், மூன்று நாடு. அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர், சர்வதேச ஆட்டம் மட்டும் பிஜிக்கு. இப்படியானவர்களைக் கூலிக்கு மாரடிக்கிறவர்கள் என்றுதான் எங்கட ஊரில் சொல்லுவார்கள். இவர்களையும் நீங்கள் தியாகிகள் கணக்கில் சேர்ப்பீர்களா?

இன்னொன்று. மகன் அன்று கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. "அப்பா, பக்கத்தில இடம் இருக்குதே, ஏன் அந்த ஆள் மூன்று பேர் நிக்கிற இடத்துக்கே ஓடுறார்?"

ஒரு ஸ்காபரோ வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

மகனிடமிருந்தே தொடங்குகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கேள்வியைவிட அவன் கேள்வி நல்ல கேள்வி.

ரக்பி லீக்கில் அணிக்கு 13 பேர். (கண்டியில் கொண்டாடுகிற ரக்பி வேறு. அது யூனியன், 15 பேர்.) பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு பிடிதான் கணக்கு. ஆறாவது முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் தடுக்கும் அணி, பந்துக்கு எதிரே நிற்கும் ஓரிருவர் தவிர, 10 மீட்டர் பின்னால் ஓடிப்போய் வரிசை கட்டி நிற்க வேண்டும். பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, பாதத்தால் பின்னுக்கு உருட்டுவார். பின்னால் நிற்பவர் அதை அள்ளி எடுத்து ஆட்டத்தைத் தொடர்வார்.

எல்லாம் அந்த எழுந்திருப்பதில்தான் இருக்கிறது. உங்கள் மகன் பார்த்த அந்த ஓட்டத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 110 கிலோ ஆசாமி பந்தை விலாவோடு அணைத்துக்கொண்டு மூன்று பேர்மேல் போய் விழுகிறார். ஒருவன் இடுப்பில், ஒருவன் தோளில், மூன்றாமவன் பந்தின்மேல். மூவரும் அவரை எழ விடாமல் இன்னும் ஒரு நொடி அமுக்கிவைக்கப் பார்க்கிறார்கள். அவர் முழங்காலை மடக்கி, முதுகை உதறி, ஒருவனை இந்தப் பக்கம், ஒருவனை அந்தப் பக்கம் சரியவிட்டு எழுகிறார். பந்து பின்னால் உருளுகிறது. இப்போது தடுக்கும் அணியைப் பாருங்கள்: மூவர் தரையிலிருந்து எழுந்துகொண்டிருக்கிறார்கள், மற்றவர்கள் இன்னும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த பந்து வாங்குகிறவனுக்குத் திறந்த வெளி.

பக்கத்து இடைவெளியில் புகுந்திருந்தால் ஒரே ஒருவன் காலைப் பிடித்துச் சாய்த்திருப்பான், பன்னிரண்டு பேர் நிதானமாக வரிசை கட்டியிருப்பார்கள். மூன்று பேரைச் செலவழிக்க வைக்கத்தான் அவர் மூன்று பேர் நிற்கும் இடத்துக்கு ஓடுகிறார். மைதானத்தை ஓடிக் கடந்து எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்து 'டிரை' போடுகிற இளைஞனின் படம்தான் மறுநாள் பேப்பரில் வரும். அதற்கு இரண்டு பிடிக்கு முன்னால் யார் கீழே கிடந்தார் என்பது வராது.

இந்த வேலைக்காரருக்கு ஆங்கிலத்தில் 'ப்ராப்' என்று பேர், சட்டையில் வழக்கமாக எட்டாம் நம்பர் அல்லது பத்தாம் நம்பர். சுவர் சாயாமல் வைக்கிற முட்டு. தமிழில் முட்டுக்கொடுப்பதற்கும் போய் முட்டுவதற்கும் ஒரே சொல் என்பது எனக்குப் பிடித்த விஷயம். இந்த ஆள் இரண்டையும் செய்கிறார்.

சரி, சிம்ஸுக்கு வருவோம். சிட்னிக்குத் தெற்கே ஜெரிங்காங் என்ற கடலோரச் சிற்றூரிலிருந்து வந்தவர். 2003-ல், பதினெட்டு வயதில், செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா டிராகன்ஸ் அணியில் ஆரம்பம். 2008-ல் பிரிஸ்பேன் பிராங்கோஸ். 2011-லிருந்து நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ். 2015-ல் இங்கிலாந்தின் வாரிங்டன். 2018-ல் உங்கள் ஊர்.

நீங்கள் ஐந்து கிளப் என்று எண்ணினீர்கள். நான் வேறொன்றை எண்ணினேன். அவர் பிரிஸ்பேனுக்குப் போனபோது அந்த அணி கடைசியாகக் கோப்பை வென்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கோப்பைகளை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் வேய்ன் பென்னட்டோ, ஒரு வருஷம் கழித்து எதிர்த்திசையில் டிராகன்ஸுக்குக் கிளம்பிப் போய் 2010-ல் அவர்களுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார். சிம்ஸ் கவ்பாய்ஸை விட்டது 2014 முடிவில். மறு வருஷமே கவ்பாய்ஸ் வரலாற்றிலேயே முதல் கோப்பை, அதுவும் பிரிஸ்பேனை 17-16 என்று தோற்கடித்து. வாரிங்டனில் 2016-ல் லீக் பட்டியலில் முதலிடம் வந்தார்கள். ஆனால் சேலஞ்ச் கப் இறுதியில் ஹல் அணியிடம் 12-10, கிராண்ட் ஃபைனலில் விகனிடம் 12-6, இரண்டும் தோல்வி. அவர் கிளம்பிய பிறகு, 2019-ல் வாரிங்டன் சேலஞ்ச் கப்பை வென்றது.

நாலு வீட்டில் குடியிருந்து, காலி செய்த பிறகு மூன்றில் கல்யாணச் சாப்பாடு. நான் இதைச் சிரித்துக்கொண்டேதான் குறித்துவைத்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் பெட்டியைக் கட்டுகிறவனுக்கு எந்த அணி எந்த வருஷம் பழுக்கும் என்று பார்த்துப் போக வாய்ப்பு இல்லை. நட்சத்திரங்களை அணிகள் தேடிவரும். ப்ராப் எங்கே இடம் காலியோ அங்கே போவார்.

இப்போது உங்கள் 'கூலிக்கு மாரடிக்கிறவர்'. நல்ல வசவு, நானும் பயன்படுத்துவதுதான். ஆனால் ரக்பி லீக்கில் அது வசவாகாது. இந்த விளையாட்டு பிறந்ததே கூலித் தகராறில். வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ரக்பி ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. போகும் கூலியை ஈடுகட்ட ஆறு ஷில்லிங் கொடுக்கலாமா என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. லண்டன்காரர்கள், பணத்துக்கு ஆடுவது கனவான்களுக்கு அழகல்ல என்று மறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிப் பிரிந்து வந்தார்கள். அப்படி வந்த கிளப்புகளில் ஒன்று வாரிங்டன். கம்பி இழுக்கும் ஆலைகளின் ஊர் என்பதால் அந்த அணியை இன்றும் 'வயர்' என்றே கூப்பிடுகிறார்கள். கனவான்களின் யூனியன் ஆட்டமும் கடைசியில் சம்பளத்தை ஒப்புக்கொண்டது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1995-ல்.

ஆகவே சிம்ஸ் சம்பளம் வாங்கிக்கொண்டு மோதினார் என்றால், அந்த ஆறு ஷில்லிங்குக்கு நியாயம் செய்தார் என்றுதான் நான் சொல்வேன். தியாகி என்று நான் எங்கும் எழுதவில்லை, கட்டுரையை இன்னொரு முறை பாருங்கள். சம்பளத்துக்கு உழைத்தவர்கள் என்று எழுதினேன். தியாகி என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு யாரோ யாருக்கோ சம்பளம் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். உங்கள் வூல்ஃப்பாக் கதை அப்படித்தானே முடிந்தது? 2020-ல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நின்றது, ஜூலையில் அணியே இங்கிலாந்தின் முதல்தரப் போட்டியான சூப்பர் லீக்கிலிருந்து விலகியது. சிம்ஸ் முந்தைய வருஷமே ஓய்வு பெற்றிருந்தார். வாழ்க்கையில் ஒரு முறையாவது சரியான நேரத்தில் காலி செய்திருக்கிறார்.

கூலி என்று பார்த்தால் இடிக்கிற இடம் ஃபிஜிதான். ஆஸ்திரேலிய அணிச் சட்டை போடுகிறவருக்குக் கிடைக்கிற பணம் ஃபிஜிச் சட்டைக்குக் கிடையாது. சிம்ஸ் ஃபிஜி வம்சாவளிக்காரர். 2008, 2013, 2017 என்று மூன்று உலகக் கோப்பைகளுக்குப் போனார். 2013-ல் தம்பிகள் டாரிக்கும் கோர்பினும் கூடவே. அதே 2013-ல் அக்கா ரூயன், ஆஸ்திரேலியப் பெண்கள் அணியில் ஆடி உலகக் கோப்பை வென்றார். ஒரே வீட்டில் இரண்டு கொடி. அந்த வருஷம் ஃபிஜிக்குக் கேப்டன் பெட்டெரோ சிவொனிசேவா. அவர் தலைகீழ்: சுவாவில் பிறந்து, ஆஸ்திரேலியாவுக்கு நாற்பதுக்கு மேல் டெஸ்ட் ஆடிவிட்டு, முப்பத்தேழு வயதில் ஃபிஜிக்கு வந்தவர். இவர்களில் யார் எந்த நாட்டுக்காரர் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் மகனிடம் பள்ளியில் யாராவது 'நீ எந்த ஊர்?' என்று கேட்டால் அவன் என்ன சொல்கிறான்?

மூன்று உலகக் கோப்பையிலும் ஃபிஜி அரையிறுதி வரை வந்தது. மூன்றிலும் ஆஸ்திரேலியா நசுக்கியது: 52-0, 64-0, 54-6. சர்வதேச ரக்பி லீக் என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் நடுவில் 2017 நவம்பர் 18 வருகிறது. வெலிங்டனில் காலிறுதி, நியூசிலாந்து சொந்த மண்ணில். அந்தத் தொடரில் ஃபிஜி ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்கு முன் தோளோடு தோள் கோத்து நின்று அவர்கள் மொழியில் ஒரு பிரார்த்தனைப் பாட்டைப் பாடுவார்கள். பல குரலில், இசைக்கருவி ஏதும் இல்லாமல். அதற்குப் பின் 80 நிமிடம். ஒரு டிரைகூட இல்லை. மூன்றே மூன்று பெனால்டி உதைகள், ஃபிஜிக்கு இரண்டு, நியூசிலாந்துக்கு ஒன்று. 4-2. ஓட்டக்காரர்களுக்கு வழியே கிடைக்காத ஆட்டம் என்றால் அது முட்டுக்காரர்களின் ஆட்டம். நான் பார்த்த ரக்பி ஆட்டங்களில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

பதினொரு மாதம் கழித்து, 2018 அக்டோபர் 7, உங்கள் லாம்போர்ட் மைதானம். சூப்பர் லீக்கில் நுழைவதற்கான 'மில்லியன் பவுண்ட் ஆட்டம்'. டிரை இல்லை. மூன்று பெனால்டி. லண்டன் பிராங்கோஸ் 4, டொராண்டோ 2. அதே கணக்கு, இந்த முறை சிம்ஸின் அணி மறுபக்கம். அடுத்த வருஷம் ஃபெதர்ஸ்டோனை 24-6 என்று வென்று மேலே ஏறினார்கள். அதோடு அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டார்.

உங்கள் மகன் இப்போது வளர்ந்திருப்பான். பழைய ஆட்டங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. வெலிங்டன் ஆட்டத்தைப் போட்டு, பந்தைப் பார்க்காமல் முன்வரிசை ஆளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிடிபட்டு விழுந்ததிலிருந்து எழுந்து பந்தை உருட்டும் வரை எத்தனை நொடி என்று எண்ணட்டும். முதல் இருபத்தைந்து நிமிடம் போதும். அதற்குள் அவரை வெளியே எடுத்து உட்காரவைத்துவிடுவார்கள்.